21 டன் ஹிட்டாச்சிக்கு எந்த லோ பெட் ட்ரெய்லர்: இரண்டு ஆக்சிலா, மூன்று ஆக்சிலா?

வில்லியனூர் மண்வேலை:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி வில்லியனூரில் மண்வேலை ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்து வருகிறேன். 7 டன் வகைச் சிறிய ஹிட்டாச்சி (செயினில் ஓடும் மண் தோண்டும் இயந்திரம்) ஒன்று என்னிடம் உள்ளது. இப்போது 21 டன் வகை இயந்திரம் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். ஊசுட்டேரி, பாகூர் ஏரிப் பக்கம் தொடங்கி, தென்பெண்ணைக் கரை, குறிஞ்சிப்பாடியை அடுத்த பெருமாள் ஏரி, வீராணத்துப் பாசன வாய்க்கால்கள் வரை வேலை கிடைக்கிறது. இதுவரை வாடகை ட்ரெய்லரை நம்பியே தொழில் நடந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ட்ரெய்லர் தேவைப்படுவதால், ஒரு கரையில் வேலை முடிந்து இயந்திரம் சும்மா நிற்க, அடுத்த கரையில் ஆட்கள் காத்துக் கிடக்கும் நிலை ஆண்டுதோறும் ஏற்படுகிறது. ஆகவே சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் முன் மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) கொண்ட பழைய லோ பெட், அதாவது தளம் தாழ்ந்த ட்ரெய்லர். இரண்டு, மூன்று ஆக்சில் கொண்ட புதிய லோ பெட். மூன்று, பன்னிரண்டு சக்கர லாரியிலேயே இயந்திரம் ஏறப் பின்பக்கம் ஏறுபலகை வைத்துக் கட்டிக்கொள்வது. லோ பெட் இரண்டையும் விற்பவர்கள் "30 டன் தாராளமாகத் தாங்கும்" என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெய்வேலி ட்ரெய்லர்:

வணக்கம் ஐயா. "30 டன் தாங்கும்" என்ற சொல்லை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ட்ரெய்லரின் இரும்புச் சட்டம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், சாலையில் கணக்கில் வருவது ஒவ்வொரு ஆக்சிலிலும் இறங்கும் எடைதான். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு உயர்த்திய வரம்புகளின்படி, முன் ஆக்சிலுக்கு 7 டன், நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 11.5 டன், அடுத்தடுத்த இரட்டை ஆக்சிலுக்கு 21 டன், மூன்று ஆக்சில் தொகுதிக்கு 27 டன்.

இரண்டு ஆக்சில் உள்ள இழுவை லாரியோடு இரட்டை ஆக்சில் ட்ரெய்லரைச் சேர்த்தால் 7, 11.5, 21 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 39.5 டன். லாரியின் சொந்த எடை ஏறத்தாழ 7 டன், லோ பெட்டின் எடை ஏறத்தாழ 10 டன் என்று கழித்தால் மீதம் 22.5 டன். உங்கள் இயந்திரம் 21 டன். அதோடு பாறை உடைக்கும் பிரேக்கரையும் கொண்டுபோனால் அதற்குச் சுமார் ஒன்றரை டன். ஆக, வரம்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஏரி வேலை முடித்த இயந்திரத்தின் செயினில் ஒட்டிக்கொண்டு வரும் களிமண்ணுக்குக்கூட இடமில்லை. மூன்று ஆக்சில் ட்ரெய்லரில் கூட்டுத்தொகை 45.5 டன், ட்ரெய்லர் ஒரு டன் கூடுதலாக எடையுள்ளது என்று வைத்துக்கொண்டாலும் 27.5 டன் கைக்கு வருகிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. அதிக எடையை இறக்கும் செலவும் நம்முடையதே.

பன்னிரண்டு சக்கர லாரியை எடைக் கணக்கு தடுக்கவில்லை, உயரம்தான் தடுக்கிறது. அதன் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கும். பூமை (இயந்திரத்தின் நீண்ட கையை) மடித்த நிலையில் இயந்திரத்தின் உயரம் 3 மீட்டர். மொத்தம் நாலரை மீட்டர் உயரத்தில் ஒரு சுமையை, மின்கம்பிகள் தாழ்ந்து தொங்கும் கிராமத் தெருக்களில் கொண்டுபோவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். லோ பெட்டின் தளம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். என் முடிவு மூன்று ஆக்சில்தான்.

பாகூர் விவசாயி:

மேலே உள்ள கணக்கு சரியானது. ஆனால் எங்கள் பக்கத்துச் சாலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள வாய்க்கால் பாலங்கள் நடுவில் முதுகு உயர்ந்தவை. நீளமான லோ பெட் அவற்றில் ஏறும்போது முன்சக்கரங்கள் இறங்கிவிட, பின்சக்கரங்கள் இன்னும் ஏறாத நிலையில், வயிறு பாலத்தில் அமர்ந்துவிடுகிறது. சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் பகுதிகளிலும் இதே நிலைதான். எந்த ட்ரெய்லர் வாங்கினாலும், இயந்திரம் நிற்கத் தேவையான நீளத்துக்கு மேல் ஓர் அடிகூட அதிகமாகக் கேட்காதீர்கள். மூன்று ஆக்சில் வண்டி குறுகிய திருப்பத்தில் டயர்களைப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கும் என்பதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 7 டன் இயந்திரத்தை நகர்த்துவதற்காக இந்தப் பெரிய வண்டியைக் கிளப்ப வேண்டாம். அதற்கு ஆறு சக்கர லாரியே போதும்.

கடலூர் முதுநகர் பட்டறை:

ட்ரெய்லர் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கட்டுமானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய லோ பெட்டைப் பார்க்கப் போனால் பெயின்ட்டைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். கிங் பின்னைச் (ட்ரெய்லரை லாரியோடு இணைக்கும் முளையை) சுற்றியுள்ள தகடு, முன்கழுத்து தளத்தோடு வளைந்து சேரும் இடம், கமான் பட்டைகளை (சக்கரங்களுக்கு மேலுள்ள வில் பட்டைகளை) தாங்கும் கைகள் ஆகிய மூன்று இடங்களில் வெல்டிங் ஓரமாக முடி அளவு விரிசல் தெரிகிறதா என்று, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதே இடத்தில் மேல்தகடு வைத்து மறுபடி வெல்டிங் செய்திருந்தால், அந்தச் சட்டம் ஒரு முறை தளர்ந்துவிட்டது என்று பொருள். நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். புதிதாகக் கட்டக் கொடுத்தால், முதன்மை பீம்களுக்கு இ350 தர (வலிமை கூடிய) இரும்பு என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சாதாரண இ250 தரத்தில் அதே வலிமையைக் கொண்டுவரத் தகட்டைத் தடிமனாக்க வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் எடை, மேலே நண்பர் கணக்கிட்ட சுமையிலிருந்துதான் கழியும்.

நம் கடற்கரையில் உப்புக் காற்று இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது. பெட்டி வடிவில் மூடிய உறுப்புகளின் அடிப்பகுதியில் தண்ணீர் வடியத் துளைகள் இருக்க வேண்டும். மணல் வீச்சால் சுத்தம் செய்து, துத்தநாகப் பிரைமர் பூசிய பிறகே பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

ஏறுபலகையின் நீளத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர் உயரத் தளத்துக்கு இரண்டரை மீட்டர் பலகை வைத்தால் ஏற்றம் ஏறத்தாழ 24 டிகிரி. மூன்றரை மீட்டர் வைத்தால் 17 டிகிரிதான். 24 டிகிரியிலும் இயந்திரம் ஏறிவிடும். ஆனால் மழையில் நனைந்த இரும்புப் பலகையில் இரும்புச் செயின் வழுக்கும்போது, அது நேராகக் கீழே வராமல் பக்கவாட்டில் போகும். அங்கேதான் உயிர் போகிறது. பலகையிலும் தளத்திலும் கெட்டியான மரத்தைப் பதித்து, குறுக்குப் பட்டைகளும் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் மண்வேலை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய வண்டியைக் கைவிட்டு, அளவான நீளத்தில் மூன்று ஆக்சில் லோ பெட் கட்டக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டு சந்தேகங்கள் எஞ்சியுள்ளன. முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் அடிக்கடி போய் வர வேண்டியிருப்பதால் எந்தப் பெர்மிட் எடுப்பது? இயந்திரத்தைத் தளத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை எப்படி முடிவு செய்வது?

நெய்வேலி ட்ரெய்லர்:

பெர்மிட்டைப் பொறுத்தவரை, உங்கள் வேலை இரு பக்கமும் பரவியிருப்பதால் நேஷனல் பெர்மிட் எடுப்பதே நிம்மதி. இழுவை லாரிக்கும் ட்ரெய்லருக்கும் பதிவு தனித்தனி என்பதால், இரண்டின் எஃப்சி (தகுதிச் சான்று) தேதியையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்; முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மற்றொன்று, 600 மில்லிமீட்டர் ஷூ (செயினின் தரையில் பதியும் தகடு) போட்ட 21 டன் இயந்திரத்தின் அகலம் 2.8 மீட்டர், அது தளத்தைத் தாண்டி இரு பக்கமும் வெளியே நிற்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கும் அதே 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம் இருப்பதால், ஓடிசி (அளவு மீறிய சுமை) அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, பகலில் சிவப்புக் கொடியோடு போவதே முறை.

இரண்டாவது கேள்வி மிக முக்கியமானது. கிங் பின்னுக்கும் ஆக்சில் தொகுதியின் நடுப்பகுதிக்கும் இடையே 9 மீட்டர் இருந்தால், 21 டன் இயந்திரம் ஒரு மீட்டர் முன்னே நகரும்போது ஏறத்தாழ 2.3 டன் எடை ட்ரெய்லர் ஆக்சிலிலிருந்து கிங் பின்னுக்கு மாறுகிறது. மொத்த எடை வரம்புக்குள் இருக்கும்போதே லாரியின் பின் ஆக்சில் 11.5 டன்னைத் தாண்டிவிடுவது இதனால்தான். இயந்திரத்தை அளவுக்கு மீறிப் பின்னே தள்ளினாலும் ஆபத்து. கிங் பின்னில் எடை குறைந்து, லாரியின் பின்சக்கரம் ஈரச் சாலையில் பிடிப்பை இழக்கும்.

புது வண்டி வந்தவுடன் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியையும் ஒரு முறை எடை பாருங்கள். பிறகு லாரியின் இரு ஆக்சில்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு முறை, பின் ஆக்சிலை மட்டும் வைத்து மற்றொரு முறை. மூன்று எண்களும் வரம்புக்குள் வரும் வரை இயந்திரத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, செயினின் முன்முனை நிற்கும் இடத்தில் தளத்தின் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். பிரேக்கர் ஏற்றும் நாளுக்குத் தனியாக இன்னொரு கோடு வேண்டும்.

கட்டுவதற்குக் கயிறோ சாதாரணச் சங்கிலியோ உதவாது. சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பிய அளவுகோல், முன்னோக்கி எடையின் 80 விழுக்காட்டையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 விழுக்காட்டையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. கிரேடு 80 தரத்தில் 13 மில்லிமீட்டர் சங்கிலியை நான்கு மூலைக்கும் தனித்தனியாகப் போட்டு இறுக்குங்கள். பக்கெட்டுக்கு ஐந்தாவதாக ஒன்று. மேல்பகுதி சுழலாமல் இருக்க ஸ்விங் லாக்கைப் போட்ட பிறகே சங்கிலியைத் தொட வேண்டும் என்று ஆபரேட்டரிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.