பன்னாட்டுப் போர்ப் பயிற்சி: ஆயுதச் சோதனையா, கண்காட்சியா?

ஆழ்கடலான்:
அமெரிக்கா தலைமையில் பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து நடத்தும் ரிம்பாக் பயிற்சிக்கு 2024ல் 29 நாடுகள் ஹவாய் கடலில் கூடின. அதில் தாராவா என்ற ஓய்வுபெற்ற போர்க்கப்பலை மூழ்கடித்தார்கள். டார்பிடோ (தண்ணீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) செய்கிற வேலையை விமானத்திலிருந்து போடும் மலிவான வழிகாட்டிக் குண்டும் செய்யுமா என்று பி-2 குண்டுவீச்சு விமானத்தை வைத்துப் பார்த்ததும் அங்கேதான். நிஜக் கப்பல் எத்தனை அடி தாங்கும் என்பதைக் கணினியில் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் பயிற்சிகளை வீண் செலவு என்பவர்களின் பதில் என்ன?

முரண்:
ஆளில்லாத, திருப்பிச் சுடாத கப்பலை அடிப்பதில் குண்டின் பலம் தெரியும், சரி. போர் தெரியுமா? 2002ல் அமெரிக்கா நடத்திய மில்லேனியம் சேலஞ்ச் என்ற போர் ஒத்திகையைப் பாருங்கள். எதிரணிக்குத் தலைவர் பால் வான் ரைப்பர், ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல். ரேடியோவில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள் என்று மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பி உத்தரவு கொடுத்தார், ஏவுகணைகளையும் சிறு படகுகளையும் மொத்தமாக ஏவி 16 கப்பல்களைக் கணக்கில் மூழ்கடித்தார். நடத்தியவர்கள் அந்தக் கப்பல்களைத் திரும்ப ஆட்டத்தில் சேர்த்தார்கள், எதிரணியின் ரேடாரை, கண்டுபிடித்து அடிக்க வசதியாக, போட்டே வைக்கச் சொன்னார்கள். அவர் பாதியிலேயே பொறுப்பை விட்டு விலகினார். முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டு நடத்துவதைச் சோதனை என்று நான் ஏற்கமாட்டேன்.

ஆழ்கடலான்:
அது ஒரே நாடு தனக்குள் நடத்தியது நண்பரே, நான் கேட்பது பல நாடு சேர்வதைப் பற்றி. 2005ல் ஸ்வீடனின் காட்லண்ட் நீர்மூழ்கி, வெளிக்காற்று தேவைப்படாத ஸ்டெர்லிங் எஞ்சின் இருப்பதால் நாள்கணக்கில் மேலே வராமல் ஓடக்கூடியது, ரொனால்டு ரீகன் என்ற விமானந்தாங்கிக் கப்பலை யார் கண்ணிலும் படாமல் நெருங்கி "அடித்துவிட்டு" போனது. அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? அந்த நீர்மூழ்கியைக் குழுவினரோடு குத்தகைக்கு எடுத்திருந்தார்கள், அதை இன்னும் ஒரு வருடம் நீட்டித்தார்கள். அவர்களுடைய நீர்மூழ்கிகள் எல்லாமே அணுசக்தியில் ஓடுபவை, இப்படிப்பட்ட எதிரியைத் தங்களிடமிருந்தே உருவாக்கிக்கொள்ள முடியாது. இந்தப் பாடம் அடுத்த நாட்டிடமிருந்துதான் கிடைக்கும்.

வெண்புறா:
இருவருமே ஆயுதத்தைத்தான் பார்க்கிறீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? 1983ல் நேட்டோவின் ஏபிள் ஆர்ச்சர் பயிற்சியை நிஜத் தாக்குதலோ என்று சோவியத் சந்தேகித்து, கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் விமானங்களை உஷார்படுத்தியது. 2022 பிப்ரவரியில் இது தலைகீழாக நடந்தது. பெலாரஸில் ரஷ்யா கூட்டுப் பயிற்சி என்று படை குவித்தது, 24ஆம் தேதி அங்கிருந்தே உக்ரைனுக்குள் போனது. ரஷ்யாவும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வியன்னா ஆவணப்படி ஐரோப்பாவில் ஒரு பயிற்சியில் 9,000 வீரர்களோ அதற்கு மேலோ இருந்தால் மற்ற நாடுகளுக்கு 42 நாள் முன்பே சொல்ல வேண்டும். ஆள், டாங்கி, பீரங்கி என்று எண்ணுகிற விதி அது. ஆயிரம் ட்ரோனை நூறு பேர் கொண்டுவந்தால் அதில் மாட்டாது. பசிபிக்கில் அந்த விதியும் கிடையாது.

முரண்:
காட்லண்ட் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அங்கே எதிரியைக் கட்டிப்போடவில்லை. ஆனால் ட்ரோனில் அது நடக்கவில்லை. உக்ரைனில் ரேடியோ சிக்னலைக் குலைக்கும் ஜாமர் தொல்லை தாங்காமல் கண்ணாடி இழைக் கேபிளில் ட்ரோன் விடுகிறார்கள். பயிற்சியில் அந்த அளவு ஜாமிங் செய்யவே முடியாது, பயணிகள் விமானத்துக்கும் போனுக்கும் பாதிப்பு வரும் என்று அனுமதி தரமாட்டார்கள். அலைவரிசை சுத்தமாக இருக்கும் இடத்தில் பறந்ததை வைத்து "களத்துக்குத் தயார்" என்று அறிக்கை விடுகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆழ்கடலான்:
அதற்கு ஆள் நடமாட்டமில்லாத சோதனைத்தளம் வேண்டும், பயிற்சியை நிறுத்தக் கூடாது. ஆஸ்திரேலியாவின் வடக்கில் அவ்வளவு இடம் இருக்கிறது. வெண்புறா சொன்ன முன்னறிவிப்பில் ட்ரோனையும் சேர்க்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

வெண்புறா:
சேர்க்கட்டும் என்றால் யார் சேர்ப்பது? அந்த மேசையில் ரஷ்யாவும் சம்மதிக்க வேண்டுமே.