பேர வாவிக் கூழைக்கடாவும் தரம் 4 பிள்ளைகளும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொம்பனித்தெரு, ஆரம்பப் பிரிவு ஆசிரியை

“இயற்கையைக் காப்போம்” என்று படம் கீறச் சொன்னால் என்ன வரும் என்று இங்குள்ள ரீச்சர்மாருக்குத் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், வெட்டிய மரம், கண்ணீர் விடும் பூமி. கொம்பனித்தெருப் பிள்ளை அந்த மலையை எங்கே கண்டது? கொஞ்சத்தூரம் நடந்தால் கொழும்பு நகருக்குள்ளேயே இருக்கும் பேர வாவி. அதை ஒருவரும் கீறுவதில்லை.

அதிபரிடம் அனுமதி எடுத்து, சில தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளை வாவிக் கரைக்குக் கூட்டிப்போனேன். முதலில் பார்க்க வேண்டும், பென்சில் பிறகுதான் என்று சொல்லிவிட்டேன்.

கூழைக்கடா அலகுப் பையில் மீனைச் சேர்த்து வைத்துக்கொண்டு பறக்கும் என்றான் ஒருவன். பக்கத்தில் கீறிக்கொண்டிருந்த பிள்ளை விடவில்லை. “இல்ல ரீச்சர், முதல்ல அலகைக் கீழ சாய்ச்சுத் தண்ணிய வெளிய விடுது. பிறகு மேல தூக்கி விழுங்குது.” அவள் அலகை மட்டும் வரிசையாகக் கீறியிருந்தாள், மேல் அலகின் ஓரத்துப் புள்ளிகள் உட்பட. நான் பாடமாகச் சொல்லியிருந்தால் இந்த அளவுக்குக் கவனித்திருப்பாளா? எனக்கு நம்பிக்கையில்லை.

அடுத்தது எழுத்து. மாசடைதல் பற்றிக் கட்டுரை கேட்கவில்லை. “நீ கீறிய பறவை இன்றைக்கு என்ன கண்டது?” என்று மட்டும் கேட்டேன். அமைதியான ஒரு பிள்ளை எழுதியது: “தண்ணீர் பச்சையாக இருந்தது. மீன் தெரியவில்லை. லஞ்ச் சீட் தெரிந்தது.” சோற்றுப் பொதி கட்டும் பொலித்தீன் தாளைத்தான் சொல்கிறது.

தண்ணீர் ஏன் பச்சை என்று வகுப்பே கேட்கத் தொடங்கியது. கழிவுநீர் வாவியில் கலக்கும்போது அதிலுள்ள சத்தை எடுத்துப் பாசி பெருகுவதை அன்றைக்கு விளங்கப்படுத்தினேன். அவர்களே கேட்ட கேள்வி என்பதால் கடைசி வாங்கு வரை காது கொடுத்தார்கள்.

வெள்ளவத்தை, ஒரு தாய்

எங்கள் பக்கக் கால்வாயில் கபரகொய்யா (நீர் உடும்பு) வந்தால் கல்லெறிவதுதான் பிள்ளைகளின் விளையாட்டு. மகனிடம் கொப்பியைக் கொடுத்து பல்கனியிலிருந்து கீறச் சொன்னேன். நாக்கு ஏன் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று கேட்டான். வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறியத்தான் என்று தேடிப் படித்துச் சொன்னேன். செத்த மீனையும் எலியையும் தின்று கால்வாயைத் துப்புரவாக்குகிறது, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதையும் சேர்த்துக்கொண்டேன். இப்போது கீழ்மாடிப் பொடியன்கள் கல்லெடுத்தால் இவன்தான் மேலிருந்து சத்தம் போடுகிறான். சீண்டினால் வாலால் அடிக்கும், கிட்டப் போக விடாதீர்கள்.

தெஹிவளை, சித்திர ஆசிரியர்

பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள் ரீச்சர். மரப்பாதையில் நின்றபடியே கீறலாம். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக முதன்முதலில் ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. மழைவெள்ளத்தைத் தாங்கி வைப்பதும் இந்தச் சதுப்புகள்தான். மீன்பிடிப் பூனை அங்கே இரவில் திரியும் என்று சொன்னதும் என் மாணவர்கள் தாளைக் கறுப்புப் பாஸ்டலால் நிரப்பி, இரண்டு கண்ணை மட்டும் விட்டார்கள்.

ஒரு கேள்வி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு இருக்கும்போது பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

கொம்பனித்தெரு, ஆரம்பப் பிரிவு ஆசிரியை

தரம் 5ஐத் தொடவில்லை சேர். தரம் 3, 4இல் சுற்றாடல் பாட நேரத்திலேயே செய்கிறேன், தமிழ்க் கட்டுரையும் அதோடு முடிகிறது. படத்துக்குப் புள்ளி போடுவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் பச்சைத் தண்ணீர் பற்றி எழுதிய பிள்ளையின் வரிகளை வாசித்துக் காட்டினேன், அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

போவதென்றால் பழைய மட்டையில் தாளைக் கிளிப் போட்டுக் கொடுங்கள். அழிறப்பர் கொடுக்காதீர்கள், அழிப்பதிலேயே நேரம் போய்விடும்.