பார்க்கிங் ஹீட்டர் உள்ளவர்கள் டைமரைக் கவனியுங்கள்

ஜெர்மனியில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் நம்மவர்கள் பலருக்கு பார்க்கிங் ஹீட்டரும் சேர்ந்தே கிடைக்கிறது. நிறுத்தியிருக்கும் காரை, டைமரில் வைத்த நேரத்துக்குத் தானாகவே சூடாக்கி வைக்கும் கருவி இது. நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கினால் இங்கே அபராதம், அதனால் இது பெரிய வசதிதான். ஆனால் இது மின்சார அடுப்பு இல்லை. டேங்கில் இருக்கும் அதே பெட்ரோலையோ டீசலையோ தனியாக எரித்து என்ஜின் கூலன்ட்டைச் சூடாக்குகிறது, அதற்கென்று தனிப் புகைக்குழாயும் காருக்கு அடியில் உண்டு. என்ஜின் அணைந்திருந்தாலும் புகை வரும்.

போன ஜனவரியில் காலையில் மகளைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் அடித்தள பார்க்கிங்கில் இறங்கினேன். எதிர் வரிசையில் பூட்டிய கார், உள்ளே ஆளில்லை, ஆனால் அடியிலிருந்து டிக் டிக் என்று பம்ப் சத்தம், கூடவே ஸ்டவ் எரிவது மாதிரி ஓர் இரைச்சல், முன் சக்கரத்துக்குப் பின்னால் வெள்ளைப் புகை தரையோடு பரவிக்கொண்டிருந்தது. மகளை உடனே மேலே அனுப்பிவிட்டு ஷட்டரைத் திறந்தேன், அப்புறம் வெளியே நின்றபடியே கேர்டேக்கருக்கு போன் செய்தேன். கார்க்காரர் வந்து ரிமோட்டில் அணைத்தார். அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடியது. அது எரிகிற பகுதி ஆறுவதற்காக, பயந்துபோய் பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது.

அவர் வழக்கமாகத் தெருவில் நிறுத்துபவர். முந்தைய இரவு பனி கொட்டியதால் உள்ளே நிறுத்தியிருக்கிறார், டைமர் அப்படியே இருந்திருக்கிறது. கார் எங்கே நிற்கிறது என்று டைமருக்குத் தெரியாது. இந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கேரேஜ் கதவு பாதி திறந்திருந்தால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

மறுமொழி, ஸ்டுட்கார்ட்:
அண்ணா, பெட்ரோல் பங்க்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில டீசல் கார்களில் கடுங்குளிரில் ஓடும்போதே இந்த ஹீட்டர் தானாக இயங்கத் தொடங்கும். என்ஜினை அணைத்தும் இரைச்சல் கேட்டால் ஹீட்டர் இன்னும் ஓயவில்லை என்று அர்த்தம், அது நின்ற பிறகுதான் எரிபொருள் போட வேண்டும். பேட்டரி விஷயமும் உண்டு, ஹீட்டரின் விசிறியும் பம்ப்பும் அதில்தான் ஓடுகின்றன. ஹீட்டர் அரை மணி ஓடினால் காரும் கிட்டத்தட்ட அரை மணியாவது ஓட வேண்டும். என் நண்பருக்கு ஆபீஸ் பத்து நிமிட தூரம், தினமும் ஹீட்டர் போட்டார், பிப்ரவரியில் ஒரு நாள் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை.

மறுமொழி, வியன்னா:
கோடையில் இதே ஹீட்டரைக் காற்றோட்ட மோடில் போட்டால் எரிபொருள் எரியாது, விசிறி மட்டும் வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஆனால் அது ஏசி இல்லை. வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே அதைவிடக் குறையவே குறையாது, அதை நம்பிக் குழந்தையை உள்ளே விட்டுக் கடைக்குப் போவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். குளிர் தொடங்கும்போது எந்த மோடில் இருக்கிறது என்றும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, கோடையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஹீட்டரை ஓடவிடச் சொல்லி என் காரின் கையேட்டில் இருக்கிறது, இல்லாவிட்டால் பம்ப் இறுகிவிடுமாம். அதையும் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள்.