எங்க தெரு குழு, தண்டையார்பேட்டை: கதவுல மாட்டி கழுத்தை இழுக்கலாமா?

2வது மாடி அத்தை: மாமாவோட எம்ஆர்ஐ வந்துடுச்சு. சி5-சி6 (கழுத்துல 5வது, 6வது எலும்புக்கு நடுவுல) டிஸ்க் தேய்மானம், எலும்பு வளந்து நரம்பு போற வழி குறுகிருக்காம். வலது கை கட்டைவிரல் வரைக்கும் மரத்துப்போவுது. கதவுல மாட்டுற இழுவை செட் (தலைல பட்டி, கயித்தோட மறுமுனைல எடைக்குத் தண்ணிப் பை) ஆன்லைன்ல பாத்தேன், வாங்கிடவா?

பிசியோ அக்கா: இருங்க அத்தை, ஆர்டர் போடாதீங்க. சட்டை பட்டன் போட கை தடுமாறுதா? நடக்கும்போது கால் பின்னுதா, செருப்பு கழண்டது தெரியாம போறாரா? ஒன்னுக்கு அடக்க முடியலயா? இதுல ஒன்னு இருந்தாலும் இழுவை கூடாது, தண்டுவடமே நசுங்கிட்டு இருக்கலாம். நேரா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

2வது மாடி அத்தை: அய்யோ, அதெல்லாம் இல்லம்மா. மரமரப்பு மட்டும்தான்.

பிசியோ அக்கா: அப்போ டாக்டர் சரின்னா செய்யலாம். ஆனா கதவுக்கு முதுகு காட்டி உக்காந்தா தலை பின்னாடி சாயும். நரம்பு வெளிய வர்ற ஓட்டை இன்னும் சுருங்கி கை வலி ஏறும். கதவைப் பாத்து உக்காரணும், கழுத்து 20-25 டிகிரி முன்னாடி குனிஞ்ச மாதிரி இழுக்கணும்.

2வது மாடி அத்தை: பையில எவ்ளோ தண்ணி ஊத்துறது?

பிசியோ அக்கா: அங்கதான் சிக்கலே. தலையே 5 கிலோ கிட்ட இருக்கும். உக்காந்து செஞ்சா முதல் 5 கிலோ அதைத் தாங்கவே போயிடும். அதுக்குன்னு எடுத்ததும் 10 கிலோ தொங்கவிட்டா சதை இறுகி எதிர்த்து இழுக்கும். படுத்துக்கிட்டு செஞ்சா தலை பாரத்தைக் கட்டில் வாங்கிக்கும், 3-4 கிலோவுல ஆரம்பிச்சு 10 நிமிஷம் போதும். இழுப்பு பின்மண்டைல விழணும். தாடைல விழுந்தா காதுக்கு முன்னாடி இருக்குற மூட்டு நோகும், பல்செட் போட்டவங்களுக்கு இன்னும் மோசம். மரமரப்பு விரல்ல இருந்து தோள் பக்கம் ஏறி வந்தா நல்லது. கீழ இறங்குனா உடனே நிறுத்துங்க.

ஜிம் மாஸ்டர்: அண்ணன் லாரித் தண்ணி குடம் தூக்குறதையும் நிறுத்தச் சொல்லுங்க. 15 லிட்டர்னா 15 கிலோ. முதுகெலும்புல இருந்து 40 செ.மீ. தள்ளிப் புடிச்சா, முதுகுச் சதைக்குக் கிடைக்கிற நெம்புகோல் நீளம் 5 செ.மீ.தான். 15×40÷5 = 120 கிலோ இழுக்கணும், குடத்துக்கு மட்டும்! 20 செ.மீ.க்குள்ள ஒட்டிப் புடிச்சா பாதி.

பிசியோ அக்கா: கணக்கு சரி மாஸ்டர், ஆனா அது இடுப்புக்கு. கழுத்துக்கு மொபைல்தான் குடம். 2014ல வந்த ஒரு கணக்குப்படி 60 டிகிரி குனிஞ்சா கழுத்து மேல 27 கிலோ. கம்ப்யூட்டர் மாடல்தான், ஆள் மேல அளந்தது இல்ல. ஆனாலும் போனைக் கண்ணு உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்க.

அத்தை பையன்: அக்கா, ஆபரேஷன் பண்ணி பிளேட் வச்சுட்டா ஒரேடியா முடிஞ்சிடாதா?

பிசியோ அக்கா: ரெண்டு எலும்பை ஒட்டிட்டா அந்த இடம் அசையாது தம்பி. அசையுற வேலை மேல சி4-சி5க்கும் கீழ சி6-சி7க்கும் போயிடும், வருஷம் போகப்போக அங்க தேய்மானம் கூடலாம். அசையுற செயற்கை டிஸ்க் இருக்கு, ஆனா பின்பக்க மூட்டு நல்லா தேஞ்சிருந்தா அதை வைக்க மாட்டாங்க. கை பலம் குறையல இல்ல? இப்போதைக்கு அந்தப் பேச்சு வேணாம்.

2வது மாடி அத்தை: சரிம்மா, நாளைக்குக் கூட்டிட்டு வரேன். ரிப்போர்ட் போதுமா?

பிசியோ அக்கா: ஃபிலிமையும் எடுத்துட்டு வாங்க. டாக்டர்கிட்ட கேட்டு, குனிஞ்சு ஒன்னு நிமிர்ந்து ஒன்னு எக்ஸ்ரே எடுத்துடுங்க. எம்ஆர்ஐ படுத்தே எடுக்குறதால எலும்பு நழுவுறது அதுல தெரியாம போகலாம். நழுவுதுன்னா இழுவையே கிடையாது.