ஜங்கிள் புக்கைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவது எப்படி?

காட்பாடி வாசகி:
வீட்டில் ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கிப்ளிங் எழுதிய 1894ஆம் ஆண்டு மூலத்தின் ஆங்கிலப் பதிப்பு கையில் இருக்கிறது. சுருக்கிய படப் புத்தகம் வேண்டாம், முழுக் கதையையே தினமும் ராத்திரி இருபது நிமிஷம் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது, நீள நீளமான வாக்கியங்களை எப்படிச் சமாளிப்பது? பெரியவன் படம் பார்த்திருக்கிறான்.

பாலாற்றங்கரை:
முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீங்க மேடம். இது ஒரே நாவல் இல்லை. ஏழு கதைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பாட்டு. ஓநாய்கள் வளர்க்கும் பையன் மௌக்லி வருவது முதல் மூன்றில்தான். ஐந்து வயதுக் குழந்தை கூட இருப்பதால் ஐந்தாவது கதையான ரிக்கி-டிக்கி-டாவியில் தொடங்குங்க. ஒரு வீடு, ஒரு தோட்டம், ஒரு கீரிப்பிள்ளை, இரண்டு நாகம், அவ்வளவுதான் களம். நான்கு ராத்திரிக்குச் சரியாகப் பிரியும்:

முதல் நாள், வெள்ளத்தில் அடித்து வந்த கீரி வீட்டுக்குள் வருவதிலிருந்து, தோட்டத்தில் பெண் நாகம் நாகைனா பின்னாலிருந்து தாக்கித் தவறவிடும் வரை. இரண்டாம் நாள், புழுதியில் கிடக்கும் காரெய்ட் பாம்பு. இது சின்னப் பகுதி, சீக்கிரம் முடியும். மூன்றாம் நாள், சுவரோரமாகவே ஊர்ந்து நடு அறைக்கு வரப் பயப்படும் மூஞ்சூறு சுச்சுந்திராவும், குளியலறைச் சண்டையும். நாலாம் நாள், கிர்ணிப்பழப் பாத்தியில் இருக்கும் இருபத்தைந்து முட்டையும் நாகைனாவின் முடிவும்.

மூன்றாம் நாளை மட்டும் பாதியில் நிறுத்தாதீங்க. நாகம் தண்ணீர் ஜாடியைச் சுற்றிக்கொண்டு தூங்க, ரிக்கி ஒரு மணி நேரம் அசையாமல் காத்திருக்கும். அந்த இடத்தில் புத்தகத்தை மூடினால் பிள்ளைக்குத் தூக்கம் வராது. நாகம் செத்து முடிந்த பிறகு மூடுங்க. முன்னாடியே ஜலதாரை என்றால் என்ன என்று சொல்லிவிடுங்க. அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்குத் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகப் பாம்பு உள்ளே வரும் என்பதே புரியாது, அது புரியாவிட்டால் அந்த ராத்திரியின் திகிலே இல்லை.

ஆரணி கதைசொல்லி:
வாக்கியச் சிக்கலுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு வரி, உடனே தமிழில் ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் போகாதீர்கள். பிள்ளை ஒரே கதையை இரண்டு முறை கேட்கிறது, அதுவும் துண்டு துண்டாக. பத்தி முழுவதையும் கண்ணால் பார்த்துவிட்டுத் தமிழில் சொல்லுங்கள். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. அவர் எழுத்தில் அது முன்னாலேயே வந்துவிட்டு, காரணமும் காலமும் பின்னால் நீண்டுகொண்டே போகும். வரியின் முடிவைப் பார்க்காமல் வாயைத் திறந்தால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு நீண்ட வரியை மூன்றாக உடைத்து, நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதுதான் வழி. மதியமே பென்சிலால் உடைக்கும் இடங்களில் கோடு போட்டு வையுங்கள். ராத்திரி நாலைந்து பக்கத்துக்கு மேல் ஓடாது, அதனால் பத்து நிமிஷத் தயாரிப்பு போதும்.

"வந்துச்சாம், போச்சாம்" என்பது பாட்டி கதைக்கு நன்றாக இருக்கும். இவ்வளவு நீளமான கதையில் ஒவ்வொரு வரியும் "ஆம்" என்று முடிந்தால் காது சலித்துவிடும், சண்டைக் காட்சியில் வேகமும் போய்விடும். ஆரம்ப இரண்டு வரிக்கு வைத்துக்கொண்டு, பிறகு "வந்தது, பாய்ந்தது" என்று நேராகச் சொல்லுங்கள்.

யார் யாரை எப்படி அழைப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். மௌக்லிக்குக் கரடி பாலூ வாத்தியார், அதனால் "நீங்க". கூட வளர்ந்த ஓநாய்க் குட்டிக்கு "நீ". மலைப்பாம்பு கா-வை உதவிக்குக் கூப்பிடும்போது கரடியும் கருஞ்சிறுத்தையும் பயந்து பணிந்து பேசுகின்றன, அங்கே "நீங்க" போட்டாலே அந்தப் பயம் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தனியாகக் குரலை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு குரல் என்று போனால் மூன்றாம் நாளே தொண்டை கட்டும், எது யாருடையது என்பதும் மறந்துபோகும்.

பாலாற்றங்கரை:
இதோடு ஒன்று. இரண்டாவது மௌக்லி கதையில் "நீயும் நானும் ஒரே ரத்தம்" என்ற சொல் நான்கு இடத்தில் வரும்: பாலூ பாடம் கேட்கும்போது, குரங்குகள் தூக்கிப் போகும்போது பருந்திடம், பாழடைந்த நகரத்தில் நாகங்களிடம், கடைசியில் கா-விடம். முதல் தடவை நீங்கள் சொல்லுங்க. அடுத்த மூன்றையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்க. ஐந்து வயதுக்கு அந்த ஒரு வரிதான் பிடிமானம்.

பெரியவனிடம் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லுங்க. புத்தகத்தில் கா எதிரி இல்லை, மௌக்லியைக் காப்பாற்ற வருவது. குரங்குகளுக்கு ராஜாவே கிடையாது. சொல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் "இது தப்பு" என்று தடுத்துக்கொண்டே இருப்பான்.

ஜவ்வாது அடிவாரம்:
பாம்பு விஷயத்தில் கவனம் வேணும். நம்ம பக்கம் நிலத்துலயும் வீட்டோரத்துலயும் நிஜமாவே பாம்பு வருது. புத்தகத்துல காரெய்ட் புழுதி நிறம். நம்ம கட்டுவிரியன் பளபளப்பான கருப்பு, மேல மெல்லிசான வெள்ளைப் பட்டை, ராத்திரியிலதான் நடமாடும். இதைப் பிள்ளைங்ககிட்ட தனியா சொல்லணும். ஜோடி நாகம் பழி வாங்கும்கிறதும் கதைக்காகத்தான். பாம்பைப் பார்த்தா அப்படியே பின்வாங்கிப் பெரியவங்களைக் கூப்பிடணும், கதை முடிஞ்ச ராத்திரியே இதைச் சொல்லிடுங்க.

கீரி மூலிகை தின்னுட்டு வந்து சண்டை போடும்னு நம்ம ஊர்லயும் சொல்வாங்க இல்லையா, அதை கிப்ளிங்கே கதைக்குள்ள மறுக்கிறார்: கண்ணோட வேகமும் காலோட வேகமும்தான் ஜெயிக்க வைக்குதுன்னு. அந்தப் பத்தியை விட்டுடாதீங்க.

கதையில வர்ற தையல்சிட்டும், டிங் டிங்னு தட்டுற குக்குறுவானும் வேலூர்லயே இருக்கு. வெயில் காலத்துல குக்குறுவான் சத்தம் மரத்துல விடாம கேட்கும். காலையில ஒரு தடவை காட்டிட்டா ராத்திரி விளக்கமே வேண்டாம்.

காட்பாடி வாசகி:
ரொம்ப நன்றி. மௌக்லி கதைகளில் எதை வெட்டலாம்? நாலாவது கதை கடல்நாய் பற்றியது போலிருக்கிறதே?

ஆரணி கதைசொல்லி:
வெள்ளைக் கடல்நாய்க் கதையில் தோலுக்காகக் கூட்டமாக அடித்துக் கொல்லும் பகுதி வருகிறது. சின்னவளுக்கு இப்போது வேண்டாம். 1895இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் செந்நாய்க் கூட்டத்தோடு நடக்கும் சண்டை அருமையானது, ஆனால் சாவு அதிகம். பெரியவனுக்குப் பத்து வயது ஆகட்டும்.

மௌக்லி கதைகளில் எதையும் வெட்டாதீர்கள், நிறுத்தும் இடத்தை மட்டும் பாருங்கள். மூன்றாவது கதையில் எருமை மந்தையை இரண்டாகப் பிரித்து, வறண்ட ஓடையின் இரண்டு முனையிலிருந்தும் விட்டு, புலி ஷேர் கானை மௌக்லி நசுக்குவான். ஓடை என்றால் தண்ணீர் ஓடுவது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நம் பக்கத்துக் கானாறு மாதிரி, செங்குத்தான கரை, உள்ளே மணல் என்று சொல்லி, இரண்டு தலையணையைக் கரையாக வைத்து, புளியங்கொட்டையை எருமையாக நகர்த்திக் காட்டுங்கள். புலி ஏன் ஏறித் தப்ப முடியவில்லை என்பது அப்போதுதான் விளங்கும். அதே கதையில் ஊரார் மௌக்லியைக் கல்லால் அடித்துத் துரத்துவார்கள். அங்கே நிறுத்தினால் அழுகையோடுதான் படுப்பார்கள். எவ்வளவு நேரமானாலும், அவன் புலித்தோலைப் பாறையில் விரிக்கும் வரை வாசித்துவிட்டு விளக்கை அணையுங்கள்.