வாய்மொழியை மட்டும் வைத்து ஆய்வேடு எழுதலாமா?

கேள்வி (சமூகப்பணி மாணவி, கோவை):
போதை மீட்பு மையம் ஒன்றில், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுப் பழகி, பிறகு சிகிச்சைக்கு வந்த இளைஞர்களிடம் நாட்காட்டியைக் காட்டி, கடந்த 30 நாட்களில் எந்தெந்த நாள் போட்டார்கள் என்று கேட்டு எழுதி வருகிறேன். "சுத்தமா விட்டுப்போட்டனுங்க அக்கா" என்று கண்ணைப் பார்த்துச் சொன்ன ஒருவருடைய சட்டைப்பையில் அதே வாரம் மாத்திரை அட்டை இருந்ததாக அவருடைய அம்மா சொல்லி அழுதார். அன்றிலிருந்து என் குறிப்பேட்டின் மீதே எனக்கு நம்பிக்கை இல்லை. சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா?

பதில் (ஆய்வக நுட்பநர், திருப்பூர்):
தீராது. ஹெராயின் எடுத்தவரின் சிறுநீரில் அதன் தடயம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களே இருக்கும். தினமும் கஞ்சா புகைத்தவருக்கோ நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் காட்டும். இதைவிட முக்கியமான ஒன்று: அந்த மாத்திரை டேபென்டடால் என்ற வலி மருந்து என்றால், மார்பினை (ஹெராயின் உடலில் மாறும் பொருள்) கண்டறியும் சாதாரணச் சோதனைப் பட்டையில் அது சிக்காது. அந்த மருந்துக்கென்றே உள்ள சோதனை வேண்டும். "இல்லை" என்று வரும் முடிவைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள்.

பதில் (ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், ஈரோடு):
அம்மணி, மனம் தளர வேண்டாம். ஊசி வழியாகப் போதை ஏற்றுவோரின் வாய்மொழி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஷேன் டார்க் என்ற ஆய்வாளர் 1998இல் எழுதிய மதிப்பாய்வு, அது ஆய்வுக்குப் போதிய அளவு நம்பத்தக்கது என்றே முடிகிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் தண்டனை வரும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் அந்த நம்பகம் குறைந்துவிடும். கேள்வி கேட்கும்போது அருகில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்யும் ஊழியரே இருந்தால், அல்லது பதில் அவர் காதுக்குப் போகும் என்று அந்தப் பையன் நினைத்தால், அவன் வேறென்ன சொல்வான்? நீங்கள் தனியாகக் கேளுங்கள். பதிலை மையத்துக்கோ பெற்றோருக்கோ சொல்லமாட்டேன் என்று முதலிலேயே உறுதியளித்து, அதைக் காப்பாற்றுங்கள். பாதியில் வராமல் நின்றுவிட்டவர்களையும் கணக்கில் சேருங்கள்; மீண்டும் போடத் தொடங்கியவர்கள் அவர்களிடையே கூடுதலாக இருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மையத்தின் வார்டன் மூன்று நேர்காணல்களில் உடன் இருந்தார். அந்த மூன்று பேரும் ஒரு நாளும் போடவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் தனியாக மறுபடியும் கேட்கிறேன்.