ஹைப்போமெட்டபாலிசத்துக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

அனைவருக்கும் வணக்கம். அல்சைமர் நோயாளிகளின் வீட்டாருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு, நினைவு நன்றாக இருக்கும்போதே மூளையின் சில பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்கின்றன. இதைத்தான் ஹைப்போமெட்டபாலிசம் என்கிறார்கள். 1996-இல் அமெரிக்காவில் 50 வயது கடந்தவர்களிடமும், 2004-இல் இருபது முப்பது வயதுக்காரர்களிடமும் பெட் ஸ்கேனில் (கதிரியக்கப் பொருளை ஊசியில் போட்டு எடுக்கும் படம்) இதைப் பார்த்திருக்கிறார்கள். பாடநூல்படி 'வளர்சிதைமாற்றக் குறைவு' என்று போடலாம். ஆனால் வரைவைப் படித்த ஒரு அம்மா, "அப்போ மூளை சிதைய ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தச் சொல்லை வைக்க மனம் வரவில்லை.
- இரா.

தம்பி, 'அழற்குறை' என்று போடுங்கள். அழல் + குறை, லகரம் றகரமாகத் திரிந்தது. வளி, அழல், ஐயம் என்று மூன்றாகப் பகுத்த மருத்துவ மரபு நமக்கு இருக்கிறது, உடம்பில் எரிந்து ஆற்றல் தருவதற்கு அழலைவிடப் பொருத்தமான சொல் ஏது? அழலும் தழலும் ஒரே வேர் என்பது என் துணிபு, கழனி வரைக்கும் இந்த வேரைக் கொண்டுபோகலாம், அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
- ந.மு.

ஐயா, சித்த மருத்துவத்தில் அழல் என்றால் பித்தம். படிப்பவர் பித்தம் குறைந்துவிட்டது என்று நினைத்தால் என்ன செய்வது? இன்னொன்று, அந்த ஸ்கேன் எரிவதைக் காட்டுவதே இல்லை. ஃப்ளோரின்-18 ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளை ஊசியில் போடுகிறோம். அது செல்லுக்குள் போய் ஒரு பாஸ்பேட் ஒட்டியதும் அங்கேயே நின்றுவிடுகிறது. நாம் பார்ப்பது ஏற்பைத்தான். அதனால் 'சர்க்கரை ஏற்புக் குறைவு'.

அப்புறம், வரைவில் 'நோய்மரபணு' என்று இருக்கிறது, தயவுசெய்து 'இடர்மரபணு' என்று மாற்றுங்கள். இந்த வகை ஒரு பிரதி இருந்தால் நோய்க்கான வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு, இரண்டும் இருந்தால் எட்டிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை கூடலாம், அவ்வளவுதான். வந்தே தீரும் என்று இல்லை. ஏபிஓஇ கொழுப்பைச் சுமக்கும் புரதம். மூளையில் அதைப் பெரும்பாலும் செய்வது நட்சத்திர வடிவச் செல்கள். நரம்பணுக்களுக்குத் தீனி கொடுப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. கொழுப்புப் புரதத்துக்கும் ஆற்றலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வரியாவது கையேட்டில் இருக்கட்டும்.
- டாக்டர் வே.

'சர்க்கரை' வேண்டாம் டாக்டர். நம் வீடுகளில் அது நோயின் பெயர். 'சர்க்கரை குறைவு' என்று படித்தால் அப்பா வாயில் உடனே இனிப்பைப் போடுவார்கள், அவருக்கு நீரிழிவும் இருந்தால்? குளுக்கோஸ் என்றே விடுங்கள், அது எல்லாருக்கும் தெரியும். 'ஏற்பு' வகுப்பறைக்குச் சரி, வீட்டுக்கு 'பயன்பாடு'தான் புரியும்.
- கோ., ஆசிரியை

சரி, 'குளுக்கோஸ் பயன்பாட்டுக் குறைவு', 'இடர்மரபணு' இரண்டையும் வைத்து அனுப்புகிறேன். இனி நேரமும் இல்லை. நன்றி.
- இரா.

அனுப்புங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் மூன்று சொல்லை அடுக்கினால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. 'குளுக்கோஸ் பயன்பாட்டுக் குறைவுப் பகுதிகள்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு 'அழற்குறைப் பகுதிகள்' என்று சொல்லிப் பாருங்கள். பித்தம் என்ற பொருள் குறுக்கே வருகிறது என்றால் 'கனற்குறை' இருக்கிறது. கனலுக்கு டாக்டர் இன்னும் மறுப்புச் சொல்லவில்லை.
- ந.மு.